மேலிருந்து பார்த்த அடுப்பு

பாய்,

இன்று காலை செக்போஸ்ட் மேசைமேல், என் சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்தேன். புதிதாக வந்திருக்கும் வனக்காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பீடி, சிகரெட் இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பழக்கமே இல்லை என்றேன். "அப்பறம் இது எதுக்கு சார்?" என்றார். "உங்ககிட்ட குடுக்கத்தான் சார்" என்றேன். ஆள் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். நோட்டில் 'தீப்பெட்டி ஒன்று' என்று எழுதி, என் பெயர் போட்ட துண்டுச் சீட்டைச் சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டி, தகர டப்பாவைத் திறந்து உள்ளே போட்டார். டப்பாவுக்குள் கிடந்த பெட்டிகளின் மருந்து வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள்.

மாசி பிறந்து கோடை மழை இறங்கும்வரை ஜவ்வாது மலையில் தீக்காலம். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், ஒரு குச்சி போதும். அதனால் முகட்டுக்கு ஏறுகிறவர்கள் தீப்பெட்டியையும் லைட்டரையும் கீழே கொடுத்துவிட்டுப் போய், இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் இதே தீப்பெட்டியை வைக்க உங்களுக்கு மனசே வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் நான்தான் உங்கள் விரலைப் பிரித்து வாங்கிக் கொடுத்தேன்.

அவர்களுக்கு உங்கள் தொழில் வழக்கம் எங்கே தெரியும்? கல்யாண பிரியாணிக்கு எத்தனை பேர் வேலை செய்தாலும் அடுப்பில் முதல் தீயை மாஸ்டர்தான் வைக்க வேண்டும், அதுவும் தன் சொந்தத் தீப்பெட்டியால். இன்னொருவன் தன் பெட்டியை எடுத்துப் பற்றவைத்துவிட்டால் அன்றிலிருந்து அவன்தான் மாஸ்டர். எனக்கு இதை நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஆலங்காயத்தைச் சுற்றி முப்பது வருஷமாக உங்கள் பெட்டியைத் தவிர வேறு பெட்டி உரசியதில்லை.

என் மருந்துக் கடைக்கு நீங்கள் முதலில் வந்தது தீக்காயக் களிம்புக்கு. பிறகு இருமல் மருந்துக்கு வந்தீர்கள். அப்புறம் இன்ஹேலருக்கு. சிநேகிதனின் உடம்பு எப்படி இருக்கிறது என்று மருந்துக் கடைக்காரனிடம் யாரும் சொல்ல வேண்டாம், டாக்டர் சீட்டே சொல்லிவிடும். அடுப்புப் புகை இனிமேல் கூடவே கூடாது என்று வேலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நீங்கள் நேராக என் கடைக்கு வந்து, அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பையில் செருகிக்கொண்டு, "முப்பது வருஷமா சாப்ட்ட புகை நைனா. திடீர்னு நிறுத்துனா உடம்பு கேக்குமா?" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

உங்கள் வீட்டில் பெரிய சண்டை. உங்கள் மருமகன் சாதிக் எட்டு வருஷமாகக் கூடவே இருக்கிறானே, அவனிடம் விட்டுவிட வேண்டியதுதானே என்று அண்ணி கேட்டார். அவன் கறி நன்றாக வேகவைப்பான், அரிசிப் பதமும் தெரியும், ஆனால் விறகை இழுத்து, மூடித் தம் போடுகிற நேரம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை என்றீர்கள். எட்டு வருஷமும் அந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் நீங்களே ஒரு போட்டி வைத்தீர்கள். முகட்டின் கோடியில் இருக்கிற தீக்காவல் டவர்வரைக்கும், மூச்சு வாங்க எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டால் அடுப்பு உங்களுக்கு. நின்றால் சாதிக்குக்கு. நடுவர் நான்.

கிளம்பும் அன்று அண்ணி என்னை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அவரு பொய் சொல்லுவாரு. நீ சொல்லாத" என்றார். சத்தியம் என்றேன்.

நெல்லிவாசல்நாட்டு ஷேர் ஜீப்பில் பலாக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு போனோம். மூட்டை உங்களுக்கு, முள் எனக்கு. செக்போஸ்ட்டில் இறங்கித் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. பாதை முகட்டின் முதுகோடு போகும். தீ தாண்டி வராமல் இருக்க வனத்துறை புல்லைச் செதுக்கி அகலமாக விட்டிருந்த வெற்றுத்தரைதான் நமக்கு ரோடு. இரண்டு பக்கமும் சரிவு, அங்கங்கே இலையே இல்லாமல் பூ மட்டும் பூத்த புரச மரங்கள். கால் மணி நேரம் நீங்கள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தீர்கள். நீங்கள் ஜெயித்துவிடுவீர்களோ என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் செருப்பில் கல் மாட்டியது. உட்கார்ந்து எடுத்தீர்கள். அந்தக் கல்லை என்னிடம் காட்டவில்லை. அடுத்த ஏற்றத்தில் புரசம் பூவை ரசித்தீர்கள். உங்களை எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும் பாய், மல்லிகையைக்கூட நீங்கள் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு போனில் டவர் கிடைக்கிறதா என்று பார்த்தீர்கள். பிறகு தேன்கூடு. பிறகு வாணியம்பாடிக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை பிரியாணிக்கு ஊற்றுகிற தாலிச்சாக் குழம்பை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோன கதை. அந்தக் கதையை நடந்துகொண்டே சொல்ல முடியாதாம். ஒரு செங்குத்தான இடத்தில் சாக்குப்போக்கெல்லாம் தீர்ந்துபோய், பாறையில் கையை ஊன்றி, நெஞ்சு ஏறி இறங்க நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "நில்லு நைனா. நீ ரொம்பக் களைச்சுட்ட" என்றீர்கள். ஆமாம் பாய் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்வது? இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி நின்று இழுத்தீர்கள். விரலை மடக்கி நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

டவரில் சாந்தா இருந்தார். மலைமேல் ஏதோ ஒரு சிற்றூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். தீக்காலம் முழுக்கத் தினக்கூலிக்குத் தீக்காவல். கழுத்தில் வாக்கி-டாக்கி தொங்கியது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், நாம் மூவரும் இரும்புப் படி ஏறி மேல்தட்டுக்குப் போனோம். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, வந்த காரியம் முடிந்தது என்பதுபோல மீசையைத் தடவினீர்கள். அப்போதுதான் சாந்தா சட்டென்று எழுந்து வாக்கியைக் கையில் எடுத்தார்.

கீழே மலையடிவாரத்தில், காடும் தோப்பும் ஒட்டுகிற இடத்தில் புகை. அடியில் மூன்றாகக் கிளம்பி மேலே ஒன்றாகச் சேர்ந்து கனமாக எழுந்துகொண்டிருந்தது. சாந்தா பட்டனை அமுக்கவில்லை. போன வாரம் யாரோ வெல்லம் காய்ச்சிய புகையைத் தீ என்று அவர் சொல்லிவிட, ஆட்கள் இரண்டு மணி நேரம் காட்டுக்குள் ஓடிப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் இது நிஜமான தீயாக இருந்து, அவர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால்?

"தீ இல்லம்மா. அது எங்க அடுப்பு" என்றீர்கள்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு அந்த மாந்தோப்பில் ஒரு கல்யாணம். சாதிக் தனியாகச் சமைக்கிறான். நீங்கள் காலையில் போய் அடுப்பை மூட்டவில்லை, தீப்பெட்டியையும் கொடுத்து அனுப்பவில்லை. இந்த நாளைப் பார்த்துத்தான் மலையேற்றம் என்று கிளம்பியிருக்கிறீர்கள். கள்ளன் பாய் நீங்கள். போட்டியைச் சாக்காக வைத்து, அவன் தம் போடுவதை நேரே பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறீர்கள்.

அடுப்புதான் என்று எப்படி நம்புவது என்று சாந்தா கேட்டார். கேட்கத்தானே வேண்டும், வேலை அவருடையது. நீங்கள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, அவருக்குப் பொறுமையாகச் சொன்னீர்கள்.

"மூணு தேக்சாம்மா, பிரியாணி அண்டா. இந்நேரம் அரிசி உள்ள போயிருக்கும். இன்னும் பத்து நிமிஷத்துல விறகை வெளிய இழுத்துத் தண்ணி தெளிப்பான். வெள்ளையா ஒரு புகை குபீர்னு வரும். அப்பால ஒண்ணும் இருக்காது. தேக்சா மூடி மேல தணலைப் போட்டுத் தம் கட்டிடுவான். காட்டுத் தீன்னா அறுந்து போவாது, நகரும்."

சாந்தா புகையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "பத்து நிமிஷம்ணா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்" என்றார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. புகை அப்படியே இருந்தது. ஆறு, ஏழு. சாந்தாவின் கட்டைவிரல் பட்டன்மேலேயே இருந்தது. ஒரு மனுஷியின் வேலையை வைத்து விளையாடுகிறோமே, ஒருவேளை உங்கள் கண்ணுக்குத் தோப்பும் காடும் ஒன்றாகத் தெரிந்திருந்தால் என்ன ஆவது? எட்டாவது நிமிஷம் நீங்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள், "இழுடா. இழு. குழைஞ்சுடும்டா" என்றீர்கள். தீயா இல்லையா என்கிற சந்தேகம் உங்களுக்குத் துளிகூட இல்லை. உங்கள் கவலையெல்லாம் அரிசி.

ஒன்பதாவது நிமிஷத்தில் வெள்ளையாக ஒரு புகை குபீரென்று எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று, பிறகு மூன்றாவது. காற்று அதைக் கலைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு அந்த இடத்தில் மாமரங்கள் மட்டும்தான் தெரிந்தன. சாந்தா வாக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

நீங்கள் மட்டும் இன்னும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "தம் போட்டுட்டான் நைனா" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "என் பெட்டி செக்போஸ்ட்ல கீது. சாதிக் அவன் பெட்டியில பத்த வெச்சிருக்கான்" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே புகையும் இல்லை.

சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தோம். ஊருக்கெல்லாம் பிரியாணி போடுகிற மாஸ்டர் கட்டிக்கொண்டு வந்தது தயிர்சாதமும் மாவடுவும். சாந்தா அதைப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். பாதி அவருக்குப் போனது. அடுத்த தோப்புக் கல்யாணத்துக்கு அவர் வீட்டுக்கு ஒரு வாளி பிரியாணி வரும் என்று வாக்குக் கொடுத்தீர்கள், அதைக் காப்பாற்றவும் செய்தீர்கள்.

இறங்கும்போது செக்போஸ்ட்டில் உங்கள் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கி என் சட்டைப் பையில் போட்டீர்கள். உங்களிடம் இருந்தால் கை அரிக்குமாம். ஜீப்பில் வரும் வழியெல்லாம் நான் எனக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அண்ணிக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் முகம் ஒரு பக்கம். முகம்தான் ஜெயித்தது. வாசலில் அண்ணி கேட்டதும், "எங்கயும் நிக்கல அண்ணி" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். உங்கள் நெஞ்சின் நிலை ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும், அப்படியிருந்தும் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது பாய்.

நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பதினொண்ணு" என்றீர்கள். "நைனா பாசத்துல பொய் சொல்றான். பதினோரு இடத்துல நின்னேன். சாதிக் வந்தா சொல்லு, இனிமே அவன்தான்."

என் எண்ணிக்கையில் பத்துதான். ஒன்றை எங்கேயோ விட்டிருக்கிறேன். எங்கே என்று நாலு வருஷம் உங்களைக் கேட்டேன், சொல்லவே இல்லை. அந்த நாலு வருஷமும் தோப்புகளில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உப்பு பார்ப்பதை மட்டும் விடாமல், சாதிக்கை வம்புக்கு இழுத்துக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். இருமல் பாதியாகக் குறைந்தது. என் கடைக்கு வந்தால் மருந்து வாங்காமல் அரட்டை மட்டும் அடித்துவிட்டுப் போனீர்கள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அது ஆயிற்று இரண்டு வருஷம்.

இன்று சாந்தா உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது பத்து நிமிஷம் காத்திருக்கிற வேலை இல்லை. அடிவாரத்தில் அடுப்பு மூட்டும் முன்னால் சாதிக் அவருக்குப் போன் செய்துவிடுகிறான். இன்றைக்கும் ஒரு கல்யாணம் இருந்தது. மேல்தட்டில் நின்று பார்த்தேன். மூன்று வெள்ளைப் புகை சரியான நேரத்துக்கு வந்தது. "தம் போட்டுட்டான்" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன், யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா?

இறங்கி வந்து தீப்பெட்டியை மறக்காமல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, முட்டி வலியோடு மலைக்குப் போகாதே என்று எத்தனை தடவை சொன்னேன், வழியில் எங்காவது உட்கார்ந்தாயா என்று கேட்டாள். எங்கேயும் உட்காரவில்லை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சட்டைப் பையில் உங்கள் பெட்டி சலசலத்தது.

பதினாலு என்றேன் பாய். நாளைக்கு என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறாளாம்.