அமலோற்பவத்துக்கு அப்பா

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை,
1946 ஆனி 4.

மலாய் நாட்டில் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் மகன் ஞானப்பிரகாசத்துக்கு, அம்மா செபஸ்தியம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லி வருகிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் ஞானமுத்துவின் பெரியவன் லூர்து திருச்சியில் வாத்தியார் படிப்புக்குச் சேர்ந்துவிட்டான். நம் தெருவில் அந்தப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவன்தான். அவன் தங்கை பிலோமினாளுக்குக் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் தையலுக்கு முதல் பரிசு. சின்னவன் ஞானோபதேசத்தில் ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறாமல் பதில் சொல்லி, சுவாமியார் கையால் சுரூபம் வாங்கினான். இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவள் அமலோற்பவம். நாலு வயது முடியவில்லை, விசுவாச மந்திரத்தை மூச்சுவிடாமல் சொல்கிறாள்.

அமலோற்பவம் யாரென்று கேட்பாய். உன் மகள். நீ கப்பல் ஏறும்போது மரியசெல்வம் உண்டாகியிருந்தாள். அது அப்போது அவளுக்கே தெரியாது. யுத்தம் வந்து தபால் நின்றுபோனதால் உனக்கு எழுத முடியவில்லை. நீயும் இப்போது வந்த உன் கடிதத்தில் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்க முடியாதுதான். இருந்தாலும் நான் அந்தக் கடிதத்தில் அந்த ஒன்றைத்தான் தேடினேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, பொறுத்துப் படி. ஒரு கண்ணில் திரை விழுந்துவிட்டது.

தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை பூசையில் ஊதாரிப் பிள்ளையின் சுவிசேஷம் வாசித்தார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் தகப்பனைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். எங்கே போயிருந்தாய், சொத்து என்ன ஆயிற்று என்று திரும்பி வந்த மகனை அந்தத் தகப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தூரத்தில் கண்டவுடனே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார், பிள்ளைகளைப் பெற்றவர்கள் அப்படி இருக்க வேண்டும் என்றார். அதை நினைத்துக்கொண்டே முந்திரித் தோப்பு வழியாக வந்தேன். ஆண்டிமடம் ரோட்டிலிருந்து எலும்பும் தோலுமாய் ஒரு ஆள், தோளில் ஒரு பையோடு வந்தான். நடை உன் நடை. ஓடினேன். இந்த வயதில் எப்படி ஓடினேனோ தெரியவில்லை. கட்டிக்கொண்டேன்.

அவன், “அம்மா, நான் வந்து...” என்று ஆரம்பித்தான். “ஒண்ணும் சொல்லாத ராசா, வந்துட்டல்ல, அது போதும்” என்று அவன் வாயைப் பொத்தினேன். மறுபடியும் ஆரம்பித்தான், மறுபடியும் பொத்தினேன். அதற்குள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அமலோற்பவம் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு “அப்பா” என்றாள். அதற்குப் பிறகு அவன் ஆரம்பிக்கவே இல்லை.

மூன்று மாதமாக அவன் நம் வீட்டில் ஞானப்பிரகாசமாக இருக்கிறான். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்ச் சயாம் ரயில் பாதையில் வேலை வாங்கிய ஆட்கள் உரு மாறித்தான் வருவார்கள் என்று ஊரும் சொல்லிவிட்டது. கிணற்றில் எத்தனையாவது படி உடைந்தது என்று அவனுக்குத் தெரியும். அரியலூர் ஸ்டேஷனில் உன்னை வழியனுப்பியபோது நான் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் நின்று அழுதது தெரியும். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் மரியசெல்வம் சோற்றைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்கிறாள். ஒரு நாளும் அவனை “ஏங்க” என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. என்னடி இது என்றால், “நீங்கதானே அத்தை கூட்டியாந்தீங்க” என்கிறாள். அவனும் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை இருக்கிறது, அது முடியும்வரை கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னவன், இன்றுவரை வாசற்படி தாண்டி உள்ளே வந்து படுக்கவில்லை.

பச்சை முந்திரிக்கொட்டைப் பால் பட்டு உன் இடது உள்ளங்கை வெந்த தழும்பு எனக்குத் தெரியாதா. ஒருநாள் எண்ணெய் தேய்க்கிற சாக்கில் அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் வழவழவென்று இருந்தன. ஒரு ரேகைகூட இல்லை. தார் கொட்டிவிட்டது என்றான். கண் தெரியாத ஈசாக், கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு வந்த இளைய மகனைத் தடவிப் பார்த்து, குரல் யாக்கோபுடையது, கை ஏசாவுடையது என்று சொல்லி ஏமாந்தார். அவருக்காவது தடவிப் பார்க்க மயிர் இருந்தது.

பிறகு செபத்தில் அது நடந்தது. பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கி, தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும் என்றதும் எல்லாரும் ஆமென் சேசு சொல்லி நிறுத்தினோம். அவன் குரல் மட்டும் மேலே போயிற்று. “இராச்சியமும் வல்லமையும்” என்று. அது நம் கோவிலில் இல்லாத வரி, புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள் சொல்வது. அவன் சட்டென்று நிறுத்திவிட்டான். அமலோற்பவம் நிறுத்தவில்லை. “மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தாள். எப்போது சொல்லிக் கொடுத்தானோ. கேட்டதற்கு, “காம்ப்ல எல்லாரும் சேந்து சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சும்மா” என்றான்.

அடுத்த வாரம் தபால்காரர் கருப்பண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்தார். யாருக்கும் காட்டாமல் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். எழுத்து உன் எழுத்து இல்லை. விரல்கள் போய்விட்டன, வேறொருவன் எழுதித் தருகிறான் என்று இருந்தது. கிணற்றுப் படியும் இருந்தது, தண்ணீர்க் குழாயும் இருந்தது. காம்பில் பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு நம் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னேன், அவன் செத்துப்போயிருப்பான் என்று எழுதியிருக்கிறாய். மகனே, அவனும் இங்கே வந்த புதிதில் அதையேதான் சொன்னான். பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு எல்லாம் தெரியும், அவன் செத்துப்போயிட்டாம்மா என்று. அதே வார்த்தை.

ஆகையால் நீ என் ஞானப்பிரகாசமாக இருந்தால் இதைக் கேள். அமலோற்பவத்துக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு மைல் அவளைத் தோளில் போட்டு ஆண்டிமடத்துக்கு நடந்தவன் அவன். சூசையப்பர் சேசுவைப் பெற்றவர் இல்லை. அவரை அப்பர் என்றுதான் நாம் கூப்பிடுகிறோம். சுவிசேஷத்தில் அவர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு நடந்தார், அவ்வளவுதான். நீ வந்தால் பிள்ளை அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளைக் கையைப் பிடித்து இழுக்காதே. அவனை நான் கட்டிக்கொண்டேன், அவன் மேல் குற்றம் வைக்காதே.

நீ என் மகன் இல்லையென்றால், நீயும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு.

ஒரே ஒரு காரியம். உன் கல்யாணப் போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. கோட்டு இருக்கிறது, கையில் பூச்செண்டு இருக்கிறது, கழுத்துக்கு மேலே ஓட்டை. நேற்று அமலோற்பவம் அதை எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்திருந்த அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாகப் பார்த்து, “ஆயா, இப்ப சரியா இருக்கு” என்றாள் என்னிடம். மரியசெல்வம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலுக்கு அவசரப்படாதே. ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு புதுப் போட்டோ எடு. பக்கத்தில் யாரும் வேண்டாம், தொப்பி வேண்டாம், முகம் நன்றாக விழட்டும். கவரில் என் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போடு. வந்ததும் நான் மரியசெல்வத்திடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைக்குக் காட்டலாமா என்று அவள் சொல்லட்டும்.

உன் அம்மா,
செபஸ்தியம்மாள்