ஆயில் சூடு காட்டும் மீட்டர்

வெண்டல்,

ஓவனில் கோழி வேகிறது. வெந்துவிட்டதா என்று பார்க்க, கறிக்குள் குத்திச் சூடு பார்க்கும் கம்பியைத் தேடாதே. உன் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் புதிதாக மாட்டிய ஆயில் மீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்க்க, அதை இன்ஜின் ஆயிலுக்குள் விட்டவன் நீதான். கழுவி வைத்துவிட்டாயாம். நான் குப்பையில் போட்டுவிட்டேன். கத்தியால் குத்திப் பார்.

ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. ஆறு வருடமாக அந்த வண்டி ஃபிளாக்ஸ்டாஃப் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. மீட்டர் வந்ததும் அதற்கு உடம்புக்கு முடியவில்லை. "கொஞ்சம் பொறு ரோண்டா, முள்ளு ஏறுது, ஆறட்டும்" என்று வழியெல்லாம் நிறுத்தினாய். பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேக் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மீட்டரைத் தரிசிக்கப் பக்கத்து வீட்டு கஸ் வருவான். நான் சுட்டு வைத்த ஆப்பிள் பை பலகாரத்தில் என் பங்கையும் அவனுக்கே கொடு.

ரோண்டா

பி.கு. பிக்கப் வண்டிச் சாவியைத் தேடாதே. கிளினிக்குக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் காய்ச்சல். என் நெற்றியில் முள் இல்லை, நீ எப்படிப் பார்ப்பாய்?

இன்னொன்று. அன்று திரும்பும்போது உன் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தேன். "முதுகெல்லாம் சூடடிக்குதே, இன்ஜின்தான்" என்று மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாய். அது இன்ஜின் இல்லை, வெண்டல். நான்.