ஓடை தூங்கும் இடம்

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
5 அக்டோபர் 1943

கொழும்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அன்பு மகள் ரோசம்மாளுக்கு, பாலக்கரையின் முடிசூடா மன்னனாகிய உன் சித்தப்பா தைரியராஜ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் சுகம். உன் அம்மாவின் இருமல் மலைக்கோட்டையை அசைக்கிறது. அதாவது, முன்னைக்குத் தேவலை.

பெட்ரோல் இல்லாததால் நம் பஸ்கள் முதுகில் கரியடுப்பு கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகின்றன. போன வாரம் ஏறிய பஸ்ஸைத் துறையூர் வரை நான்தான் தள்ளினேன் என்றே சொல்லலாம். அந்தக் கரி, உன் அப்பா காவல் காத்த பச்சைமலைக் காட்டிலிருந்து வருகிறது. வெட்டுகிறவன் கண்டிராக்டர் அருணகிரி. சுனைக்கு மேலே வெட்டாதே என்று தடுத்த அண்ணன்மேல், மரம் திருடி விற்றதாகப் பொய்ப் பிராது கொடுத்து, பாரஸ்ட் கார்டு வேலையைப் பிடுங்கி, அந்த அவமானத்திலேயே அவரைச் சாகவைத்த அதே புண்ணியவான்.

அவனுக்காக மனசுக்குள் ஆயிரம் பீரங்கி வார்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படாது போலிருக்கிறது.

மலைக்காரி பாப்பாயியோடு காட்டுக்குள் நடந்தேன். வற்றாத சுனை வற்றிக் கிடக்கிறது. சின்னத் தூறலுக்கே தண்ணீர் செம்மண் குழம்பாக இறங்குகிறது. சரிவில் மிஞ்சிய மரங்கள் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்கள் மாதிரி கீழ்ப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. நிலத்தில் ஒரு வெடிப்பு, யானையையே இறக்கலாம். சரி, என் கை முழங்கை வரை போயிற்று.

அதற்கு நேர் கீழே அருணகிரி பங்களா கட்டிக் குடிவந்திருக்கிறான். உருண்டைக் கற்கள் அங்கேயே குவிந்து கிடந்தனவாம். அஸ்திவாரத்துக்குச் செலவில்லை என்று பூரிப்பு. மலைக்காரர்கள் உருண்டைக் கல் கிடக்கும் இடத்தில் குடிசைகூடப் போடமாட்டார்கள். "அது ஓடை படுத்துத் தூங்குற எடங்க. எந்திரிச்சா வழி கேக்காது" என்றாள் பாப்பாயி.

பக்கத்தில் தங்கியிருந்த கரிமூட்டக் கூலிக்காரர்களிடம், பனைமர உயரத்தில் கரடி பார்த்தேன் என்று அளந்து, குடும்பத்தோடு மேட்டுக்குக் கிளப்பிவிட்டேன். அருணகிரியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. "என்ன தைரியராஜ், அண்ணன் காத்த காட்டுல ஒரு மரமாவது மிச்சமிருக்கான்னு பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தான். பங்களா ஜோர், இடம் அதைவிட ஜோர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அண்ணன் கனவில் வந்து, "அவன்கிட்டயும் சொல்லிடுடா" என்கிறார். செத்தும் திருந்தாத மனுஷன். அவர் மகள் நீ, தீர்ப்பு உன்னுடையது. சொல்லவா, வேண்டாமா? உன் உத்தரவு கிடைத்த அன்றே மலையேறுகிறேன்.

யுத்தகால சென்சார்காரன் பிரித்துப் படித்து ஒட்டியனுப்பி, இது உன் கைக்கு வர ஒரு மாதமாகும். பதில் வர இன்னொரு மாதம். மழையோ பச்சைமலை உச்சியில் இப்போதே கறுத்து நிற்கிறது.

ஆகவே அவசரமில்லை, மகளே. நன்றாக ஜெபம் பண்ணி, ஆற அமர யோசித்து எழுது.

சர்வேசுரன் உன்னை எப்போதும் மேட்டு நிலத்தில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
தைரியராஜ்