பெட்டியின் மின்னழுத்தம் பூஜ்யம் எனக் கொள்க

ஜூன் 9, திங்கள்

நாற்பது பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. தி.நகரில் புதிதாக எழும்பும் ஏழு மாடி நகைக்கடைக்கான சுவிட்ச் பெட்டிகள். வெளியே பவுடர் பூச்சு வழவழவென்று இருக்கிறது. உள்மூலைகளில் தகரம் பல்லிளிக்கிறது. முதலாளி கனகராஜ், பூச்சடிக்கும் செம்பியனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துவிட்டார்.

"ஏல, மூலை தெரியலைன்னா கண்ணாடி போடு. இல்ல, ஊருக்குக் கிளம்பு."

"எந்த ஊருக்கு சார்? எங்க ஊரத்தான் இடிச்சிட்டாங்களே."

சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்தவரைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு இரண்டு பஸ். பத்து நிமிடம் பிந்தினால் அரைநாள் கணக்கு. நகைக்கடைக்காரன் வாங்கும் நிலத்துக்கு மட்டும் எந்த ஆறும் குறுக்கே வருவதில்லை.

நான் தரம் பார்க்கிறவள். பி.எஸ்ஸி. இயற்பியல். 'மூலையில் பூச்சு இல்லை' என்று எழுதுவதுதான் என் வேலை. ஏன் இல்லை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மந்தைவெளி ரூமில், பழைய லேப்டாப்பில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிமுலேஷன். சிவப்பு உருண்டை நேர்மின், நீல உருண்டை எதிர்மின். இழுத்து வைத்தால் சுற்றிலும் அம்புகள் திரும்புகின்றன. கல்லூரியில் மூன்று வருடம் மின்புலம் படித்தேன். ஆய்வகத்தில் கருவிகள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். புலத்தை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். கோபமாக வருகிறது.

அப்புறம் நானே சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். பவுடரை மின்னேற்றித் துப்பும் பூச்சுத் துப்பாக்கி எதிர்மின், எண்பதாயிரம் வோல்ட். பெட்டி பூஜ்யம். புலக்கோடுகள் எல்லாம் விளிம்புகளில் போய் முட்டுகின்றன. உள்மூலைக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. வோல்ட்டை ஏற்றினால் விளிம்பில்தான் இன்னும் அப்புகிறது. கனகராஜ் இத்தனை நாளும் "ஏத்து, ஏத்து" என்று கத்தியது இதற்குத்தான்.

ஜூன் 13, வெள்ளி

"கம்மி பண்ணா ஏறுமா? இன்னா மேடம், காமெடி பண்ணிக்கினு கீற?" என்றார் செம்பியன்.

வோல்ட்டைக் குறைத்து அடித்தார். ஓவனிலிருந்து வந்ததும் டார்ச் அடித்து மூலையைத் தடவிப் பார்த்தார். நிறைந்திருந்தது. "உன் பொம்மைக்கு மூள கீது மேடம்."

இன்றைய டீ அவர் வாங்கித் தந்தார்.

ஜூன் 20, வெள்ளி

வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்களாம். "எம்மா மதுமதி, அந்தக் கம்ப்யூட்டர் படத்த வச்சு ஒரு டிரெயினிங் போட்டுரு" என்றார் கனகராஜ். ஆறு பேர் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். சுவரில் படம்.

செம்பியன் கை தூக்கினார். "இதுல கொக்கி எங்க மேடம்?"

பெட்டி கொக்கியில் தொங்கும், கொக்கி கம்பியில், கம்பி எர்த்தில். என் நிரலில் கொக்கி கிடையாது. "பெட்டி எப்பவும் பூஜ்யம்னு வச்சுக்கலாம்" என்றேன்.

"நீ வச்சுக்குவ. பெட்டியத் தொட்டா என்னத்தான அடிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

முடிந்ததும் வருகைத் தாள் வந்தது. கற்பித்தவை என்று அச்சடித்த ஆறு தலைப்புகள். ஐந்தாவது: எர்த் சோதனை. நான் அதைச் சொல்லித்தரவே இல்லை. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் 'பயிற்சியாளர்' என்ற இடத்தில் நான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது இங்கே — என் பெயருக்கு மேல் அந்த வார்த்தை பார்க்க நன்றாக இருந்தது.

ஜூன் 21, சனி

அவர் கேட்டது உறுத்தியது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இருபது கொக்கிகளில் பதினேழுக்கு எர்த்தோடு தொடர்பே இல்லை. மாதக்கணக்கில் வெந்து வெந்து அவற்றின் மேலேயே பவுடர் கெட்டிப்பட்டிருக்கிறது.

நிரலில் பெட்டியின் பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். பவுடர் வந்து ஒட்ட ஒட்ட பெட்டியின் வோல்ட் ஏறுகிறது. ஆயிரம். ஐயாயிரம். இறங்க வழியில்லை. வழி கிடைத்தால் அது தீப்பொறி. சுற்றிலும் மிதப்பது எரியக்கூடிய பவுடர்.

கனகராஜிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம கொக்கி எல்லாத்தையும் சுட்டுச் சுத்தம் பண்ணிருவோம்மா. இப்ப லோடு போகட்டும்."

ஜூன் 29, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு. கொக்கிகளைச் சுடவில்லை. லோடு போயிற்று. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

பன்னிரண்டு மணி இருக்கும். பூச்சடிக்கும் பூத்துக்குள் ஒரு சத்தம் — வெடி மாதிரிகூட இல்லை, கனத்த துணியை உதறியது மாதிரி. செம்பியன் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி வெளியே வந்தார். கத்தவில்லை. "தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொன்னார், ரொம்ப மெதுவாக. கை. முகத்தில் பாதி. ஐயோ, அந்தக் கை.

நான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். கனகராஜ் 108-க்குப் போன் பண்ணினார். பண்ணிக்கொண்டே எர்த் ஒயரைப் பார்த்தார்.

தெரியும்தானே எனக்கு? பதினேழு கொக்கி. தெரியும்தானே?

ஜூலை 4, வெள்ளி

கொக்கிகள் எல்லாம் புதுசு. எர்த்துக்குப் புதுச் செம்புப் பட்டை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

கனகராஜ் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். என் கையெழுத்துக்காகத் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. எர்த் சோதனையை நான் முறையாகக் கற்பித்தேன். செம்பியன் கற்றுக்கொண்டு கையொப்பமிட்டார். சம்பவத்தன்று அவர் சோதிக்காமல் வேலையைத் தொடங்கினார். பின்னால் அந்த வருகைத் தாளின் நகல்.

"எம்மா, அவனை நான் கைவிட மாட்டேன். ஆனா தப்பு நம்ம மேலன்னு வந்துச்சுன்னா ஷெட்ட மூடிருவான். மூடிட்டா அவனுக்கு எங்கேருந்து செய்ய? மத்த அஞ்சு பேரு எங்க போவான்? நீ எங்க போவ?"

எல்லாமே கேட்க நியாயமாக இருந்தது. அதுதான் பயம். யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

ஜூலை 9, புதன்

தீக்காய வார்டு. உள்ளே விடவில்லை. வராந்தாவில் அவர் மனைவி தேவானை. கொட்டிவாக்கத்தில் மூன்று வீட்டில் வேலை செய்கிறவர். ஒரு வாரமாக ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் மேடமா? அவுரு வந்து சொன்னாரு. அம்பு அம்பா காட்டுச்சு, நல்லாத்தான் கீதுன்னு."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மின்னூட்டம், கொக்கி, நான் முதலாளியிடம் சொன்னது. நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வோணாம். அந்த எர்த்து பாக்கச் சொல்லிக் குடுத்தியா, இல்லியா? ஒண்ணு சொல்லு."

"இல்லக்கா."

"அப்ப அத எழுது."

ஜூலை 11, வெள்ளி

தொழிற்சாலை ஆய்வாளரிடம் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கற்பிக்காததைக் கற்பித்ததாகக் கையெழுத்திட்டேன். பதினேழு கொக்கிகளில் எர்த் இல்லை, முதலாளியிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"பொய்யா கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதியிருக்கம்மா. உனக்கும் சேர்த்துத்தான் கேஸ் வரும், தெரியுதா?"

"தெரியுது சார்."

"மீட்டர்ல பார்த்ததுக்கு ஆதாரம்?"

"நான்தான் பார்த்தேன்."

மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். கேட்டிலிருந்தே தெரிந்தது: என் நாற்காலியில் வேறொரு பெண். கேட்டைத் தாண்ட விடவில்லை.

ஜூலை 26, சனி

ஷெட் ஒன்பது நாள் மூடியிருந்து திறந்துவிட்டது. டீக்கடையில் பழைய ஆட்களில் ஒருவர், "உன்னால ஒம்போது நாள் சம்பளம் போச்சு, தெரிமா?" என்றார். அவர் சொன்னது தப்பு இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தி.நகர் கடை திறந்துவிட்டார்கள். ஏழு மாடியும் விளக்கு. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மயிலாப்பூரில் வக்கீல் ஆபீஸ். செம்பியன், தேவானை, நான். செம்பியனின் வலது கையில் ஒரு விரலும் மடங்குவதில்லை; தண்ணீர் டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக் குடித்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "பழகிச்சு மேடம்" என்றார்.

நஷ்டஈட்டு மனுவின் மாதிரிப் படிவத்தை என்னிடம் தந்து கையால் நிரப்பச் சொன்னார் வக்கீல். மனுதாரர்: செம்பியன். முதல் எதிர்மனுதாரர்: நிறுவனம். இரண்டாவது: கனகராஜ்.

"தாள்ல டிரெயினர்னு கையெழுத்துப் போட்டவங்களையும் சேர்த்தாகணும். விட்டா, 'டிரெயினர் பண்ணின தப்பு'ன்னு சொல்லி அவங்க நழுவிடுவாங்க" என்றார் வக்கீல். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

செம்பியன், "இந்தப் பொண்ணு பேரு இன்னாத்துக்கு சார், அதான் நமக்காவ எழுதிக் குடுத்துச்சே" என்றார்.

தேவானை படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், வயது, மந்தைவெளி விலாசம். வக்கீல் சொன்னபடி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண் போட்டுவிட்டுத் தேவானையிடம் கொடுத்தேன்.