உண்மை சொன்னவனுக்கு மாத்திரை இல்லை

அன்பு மகளுக்கு,

உன் தம்பியின் மாத்திரையை நிறுத்த வைத்தது அவன் சொன்ன உண்மை. டாக்டரிடம் எதையும் மறைக்காதே என்று அவனுக்குச் சொன்னது நர்ஸ் வேலை பார்க்கும் நீ. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது நலமாக இரு. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் பேசலாம் என்றால் இவன் பக்கத்திலேயே இருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

சாரத்திலிருந்து விழுந்து, முதுகு வலிக்கு மாத்திரை என்று தொடங்கி போதை ஊசியில் போய் நின்றவன், ஊசியை விடுவதற்கென்று பெரியாஸ்பத்திரியில் கொடுக்கும், நாக்கடியில் வைக்கும் இந்த மாத்திரை வந்த பிறகுதான் மறுபடி பெயின்ட் வாளி தூக்கினான். "பசிக்குதுன்னு கேக்கறான், கேட்டீங்களா" என்று அம்மா ரகசியம் போல என்னிடம் வந்து சொன்னாள். போன வாரம் அங்கே புதிதாக வந்த டாக்டர் வேறு பழக்கம் உண்டா என்று கேட்க, வலி தூங்கவிடாத நாளில் கொஞ்சம் குடிப்பேன் என்றான். "குடிய விட்டுட்டு வா, அப்புறம் மாத்திரையப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். எதிர் அறைதான் குடியை நிறுத்தும் பிரிவு. அங்கே போனால், "ஊசிக்காரங்கள நாங்க சேக்கறதில்ல, அந்தப் பக்கம் முடிச்சிட்டு வாங்க" என்கிறார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் கிடந்த பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், முந்தின நாள் குடித்த வாடை இன்னும் போகவில்லை. "உள்ள போய் மனசத் தொறந்து காட்டினியாக்கும்? ஏலக்காயக் கடிச்சுக்கிட்டு, பச்சத்தண்ணிதான் சார்னு சொல்லணும் தம்பி" என்று சிரித்தார். அவருக்கு மாத்திரை கிடைத்தது.

குடியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்பினால் இவன் எங்கே போவான் என்று அவருக்குத் தெரியாதா? தினமும் வரச் சொல்லி, கண் முன்னாலேயே கொடுத்திருக்கலாம். கதவைச் சாத்துவது எந்த ஊர் வைத்தியம்? நேற்று இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அம்மா பசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவனை மறுபடி அங்கே கூட்டிப்போகத்தான் போகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

உன் அப்பா

"அக்கா சொன்ன மாதிரிதான் சொன்னேன், இப்ப என்னப்பா சொல்லட்டும்" என்று கேட்கிறான். இது கிடைத்ததும் அவனைக் கூப்பிடு. அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே அவனுக்குச் சொல்.