தொட்டில்களுக்குப் பக்கத்தில் ஆங்கில வகுப்பு

ஆகஸ்ட் 14, வியாழன்

விடுமுறை வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம். இடம் இன்னும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராதான். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகள் ஒரு பக்கம் தொட்டிலில் தூங்குகின்றன. மறுபக்கம் ஈரத் தரையில் என் மாணவர்கள். குழந்தைகள் விழித்துவிடக் கூடாதென்று பேச்சு ஆங்கிலத்தைக் கிசுகிசுத்தே சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும் கிசுகிசுத்தே பதில் சொல்கிறார்கள்.

இன்று வகுப்பை நடத்தும் அமைப்பிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். ஒன்பதாம் தரம் படிக்கும் கவிதாவை எழுப்பி, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். பிழையில்லாமல்தான் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

"பயப்படாம சத்தமாப் பேசும்மா," என்றார்.

கவிதா என்னைப் பார்க்கவில்லை. குழந்தைகளைக் கவனிக்கும் தனலெட்சுமி அக்காவைப் பார்த்தாள். அக்கா அப்போதுதான் ஒரு குழந்தையைத் தூங்கவைத்திருந்தார்.

"சொல்லு புள்ள. அழுதா நான் பாத்துக்கிறேன்," என்றார்.

கவிதா உரக்கச் சொன்னாள். அவளுடைய குரல் அவ்வளவு கனமானது என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது. ஐந்து குழந்தைகளும் ஒன்றாக அழத் தொடங்கின. அவள் நிறுத்தவில்லை. கடைசி வாக்கியம்வரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"இந்த இடம் சரிவராது டீச்சர்," என்றார் அதிகாரி. வேறு இடம் கிடைக்கும்வரை வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் வேறு இடம் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

சரி என்றுதான் நானும் தலையாட்டினேன். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை எட்டு மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நானும் போவேன் என்றுதான் நினைக்கிறேன்.