மைக் அணைக்காத திங்கட்கிழமை

செல்ல மகள் சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, கோபப்படாதே. ஹாஸ்டலில் உன்னோடு இருக்கும் பெண்கள் நீ வேதம் வாசிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நீ உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், மூன்று வாரமாக ஆராதனைக்குப் போகவில்லை, போகத்தான் வேண்டுமா, உனக்கெல்லாம் குழப்பமே வராதா அம்மா என்று கேட்டிருந்தாய். நாலு வசனம் எழுதி அனுப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன், அதற்காக அப்பாவோடு சண்டைக்குப் போகாதே, உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் வாயை அடைத்தது நான்தான்.

காலையில் பேருந்து நிலையத்தில் முதல் பேருந்தை மைக்கில் அறிவிப்பதற்கு முன்னால் கண்ணாடி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவது உனக்குத் தெரியும். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே பண்ணுவேன் என்பது தெரியாது. இருபத்தாறு வருஷமாகப் பிடித்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஸ்விட்சு போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதுவும் அன்றைக்குப் பார்த்து எங்கள் மேனேஜருக்காக ஜெபம். அவர் மனைவி கோபித்துக்கொண்டு குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கான்டீன் அக்கா என் காதில் போட்டிருந்தாள். ஆண்டவரே, எங்கள் மேனேஜருடைய முன்கோபத்தை எடுத்துப்போடும், அவர் மனைவியையும் குழந்தையையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவாரும் என்று நான் உருகி உருகிக் கேட்டது பதினாலு நடைமேடைக்கும் கேட்டிருக்கிறது. ஆமென் என்று நான் முடித்ததும் வெளியே நாலைந்து டிரைவர்களும் சத்தமாக ஆமென் போட்டார்கள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

அன்றைக்கே என்னைப் பயணிகள் விட்டுப்போன சாமான்கள் வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். முப்பத்தோரு குடை, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவருடைய பல்செட், இவைதான் இப்போது எனக்குத் துணை. அதோடு முடியவில்லை, ஒரு தாளில் இரண்டு வரி டைப் பண்ணி, கையெழுத்துப் போடு என்று கொடுத்திருக்கிறார்கள். அதிகாரியின் சொந்த விஷயத்தை மைக்கில் பேசியது தவறு என்பது முதல் வரி. இனி இந்த வளாகத்தில் எங்கேயும் ஜெபம் பண்ண மாட்டேன், ஜெபத்துக்கு ஆள் சேர்க்க மாட்டேன் என்பது இரண்டாவது வரி. வேலைக்கு முன்னால் துடைப்பம் வைக்கும் அறையில் நாங்கள் நாலு பேர் பத்து நிமிஷம் கூடுவோமே, அதற்குத்தான் இந்த வரி. டிக்கெட் கவுன்டர் தம்பி பயந்துபோய் வருவதை நிறுத்திவிட்டான், அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பாஸ்டரோ ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்பி நிற்கவைத்து, நம் சகோதரி கர்த்தருக்காகப் பாடுபடுகிறாள் என்றார், எல்லாரும் கை தட்டினார்கள், நான் கூனிக் குறுகிப்போய்விட்டேன். நான் கர்த்தருக்காகப் பாடுபடுகிறேனா, இல்லை ஊர்க்கதை கேட்ட காதுக்கும் கட்டுப்படாத வாய்க்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேனா, எனக்கே தெரியவில்லை சிட்டு. அப்பா சொல்கிறார், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போடு, மனசுக்குள் பண்ணினால் உன் ஆண்டவருக்குக் கேட்காதா என்று. கேட்கும்தான். ஆனால் எங்களோடு கூடுகிற, நிலையம் துடைக்கிற அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அந்தப் பத்து நிமிஷம் யாராவது வாசித்தால்தான் அவளுக்கு வேதம், அதை எந்த மனசுக்குள் வைத்துப் பண்ணுவது?

புதன்கிழமை மேனேஜரே என் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்று, சார், உங்கள் வீட்டுக் கதையை நான் கேட்டதும் தப்பு, சொன்னதும் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். இதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது, பாடுபடுகிறவள் என்ற பெயர் கிடைத்ததும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதே மறந்துவிட்டது போல. அவர் குடைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாக, "இன்னும் எங்க வீட்டுக்காகக் கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்களாம்மா?" என்றார். தினமும் சார் என்றேன். கதவைத் தாண்டிப் போனார். மனசு இளகிவிட்டது என்று நான் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவில்லை, திரும்பி வந்து, திங்கட்கிழமைக்குள் தாளில் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் தூரத்து டிப்போவுக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். இந்த மனிதரை நான் என்னவென்று புரிந்துகொள்வது?

ஒன்று மட்டும் செய்துவிட்டேன். முதல் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன், அது உண்மை. இரண்டாவது வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது சரியா என்று நிச்சயமாகத் தெரிந்து அடிக்கவில்லை. குழப்பம் தீர்ந்த பிறகுதான் ஆண்டவர் பின்னால் போவேன் என்று நான் உட்கார்ந்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் போயிருக்க மாட்டேன். உனக்கு இதைத்தான் சொல்ல முடிகிறது, இது பதிலா என்று எனக்குத் தெரியாது.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. கண்ணாடியை மாற்றவேண்டும் என்றாயே, மாற்றினாயா, தள்ளிப்போடாதே. அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தத் தாளோடு மேனேஜர் மேஜைக்கு முன்னால் நிற்பேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு கண்ணு. மூன்று வாரம் ஆராதனைக்குப் போகாமல் இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெண்கள் சிரித்தாலும் பரவாயில்லை, உன் அறையில் மைக் ஏது, வாய்விட்டே பண்ணு.

உன்னை நம்பியிருக்கும்,
அம்மா